கிரிவலம் நான் கேட்டதில்லை

பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து, கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் ஊர் அடி அண்ணாமலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு படிவம்.

"மறுபடி என்ன செய்ய முடியணும்னு ஆசைப்படறீங்கம்மா? எழுதிக்கிட்டா எவ்ளோ முன்னேறியிருக்கீங்கன்னு மாசாமாசம் பாக்கலாம்."

கேட்டது என்னை. பதில் சொன்னது என் கணவர்.

"பௌர்ணமிக்கு கிரிவலம் சுத்தணும்ங்க. அதான் இவ ஆசை."

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுதினாள். நான் வாயைத் திறக்கவில்லை. பேச்சு போகவில்லை, கூச்சம்தான்.

எனக்கு வேண்டியிருந்தது பாவாடை நாடா. வலது கை விழுந்ததால் முடிச்சுப் போட முடியவில்லை. கணவரிடம் கேட்கக் கூச்சம்; கழிவறைக்குப் போய் வந்தால் பக்கத்து வீட்டிலிருக்கும் ஓரகத்தி வந்து கட்டிவிட வேண்டும். "நைட்டி போட்டுக்கோக்கா, வம்பே இல்ல" என்பாள். நைட்டிக்கும் உள்ளே பாவாடை உண்டே! அவள் வேலைக்குப் போனால் மதியம்தான் வருவாள். அதுவரை நான் தண்ணீர் குடிப்பதில்லை.

அதனால் நானாகவே பழகினேன். நாடாவின் ஒரு முனையை மரத்த கையால் இடுப்போடு அழுத்தி, இடுப்பைச் சுவரோடு சேர்த்து நின்றுகொண்டு, மறு முனையை இடது கையால் சுற்றி இழுப்பேன். நழுவும். மறுபடி இழுப்பேன். மூன்றாவது மாதம் முடிச்சு நின்றது. அன்று காலை இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அதே வாரம் அந்தப் பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, "மாற்றம் இல்லைன்னுதான் போடணும். அடுத்த மாசமும் இப்படியே இருந்தா நான் வீட்டுக்கு வரதை ஆபீஸ்ல நிறுத்திடுவாங்கம்மா" என்றாள்.

"தெருக்கோடிக்கே இவளுக்கு மூச்சு வாங்குது. மனசு வெச்சாத்தானே?" என்றார் கணவர்.

மனசு வைக்கவில்லையாம்! என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"கிரிவலம் அவரு சொன்னது. நான் கேட்டது இல்ல. என் பாவாடைய நானே கட்டணும்னுதான் நெனச்சேன். இப்போ கட்டறேன்."

அவள் சட்டென்று வேறொரு தாளை எடுத்தாள். "புதுசா எழுதிடலாம்மா. இன்னிக்கு எப்படி இருக்கீங்களோ அதான் ஆரம்பம்."

"அப்போ மூணு மாசம் நான் பட்டது?"

அவள் பேனா நின்றது. யோசித்துவிட்டு, "சரி, மொத நாள் நெலமைய எழுதிக்கறேன். எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"அப்போ இவ வந்துங்க..." என்று ஆரம்பித்தார் கணவர்.

"என்னைக் கேக்கறாங்க" என்றேன்.

தண்ணீர் குடிக்காமல் கிடந்ததை, ஈரப் பாவாடையோடு ஓரகத்திக்குக் காத்திருந்த காலைகளை, அவர் எதிரிலேயே ஒன்று விடாமல் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே போனாள்.