சிவப்புப் பேனைக்காரர்

சுஹறா கீரி மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். குசினிக்குப் பின்னால் குழாயடியில், குந்தியிருக்கப் பலகைக்கட்டை ஒன்று. முன்னால் பழைய பத்திரிகையை விரித்து அதன்மேல் மீனைக் கொட்டியிருந்தாள். தலையைக் கிள்ளுவது, குடலை இழுப்பது, சட்டிக்குள் போடுவது. மீன் குறையக் குறைய அடியில் கிடக்கும் தலைப்புச் செய்தி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வந்தால் வாசிப்பாள். வாசித்தால் சும்மா இருக்கமாட்டாள்.

"'தேங்காய் விலை அடுத்த மாதம் குறையும்'" என்று வாசித்தாள். "எந்த அடுத்த மாதம் எண்டு போடல்லயே. இது பெப்ரவரிப் பேப்பர். இப்ப ஓகஸ்ட். எங்கட தேங்காக்காரனுக்கு இந்தப் பேப்பர் கிடைக்கல்ல போல. அவன் இன்னும் பழைய கோவத்திலதான் விலை சொல்றான்."

கதவடியில் நின்ற மகள் நுஸ்ஹா சிரித்தாள். முன்பள்ளி ரீச்சர், அன்றைக்கு விடுமுறை, கையில் போன். "உம்மா, மறுகா ஒருக்காச் சொல்லுங்க."

"சொன்னது சொன்னதுதான். மீன வெச்சிக்கிட்டு ரெண்டு தரம் கதைக்க ஏலா." ஆனால் அடுத்த பிடி மீன் குறைந்ததும் அடுத்த தலைப்பு வந்துவிட்டது. "'யானை வேலிக்கு நிதி ஒதுக்கீடு.' நல்லம். ஒதுக்கினத யானைக்கு ஆரு சொன்ன? நேத்தும் வயலுக்குள்ள வந்து திண்டுட்டுப் போயிரிக்கி. பேப்பர் படிக்காத யானை. அதுக்குத் தெரியா, வேலி வந்திட்டு எண்டு."

நுஸ்ஹா இதைப் பதிந்து குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் போட்டாள். ஒரு பகிடிக்குத்தான். அஸர் தொழுகைக்கு முன்னமே அது சாய்ந்தமருதுக்குப் போய், மருதமுனைக்குப் போய், கட்டாரில் வேலை செய்யும் மச்சான்மாரிடம் போய், அங்கிருந்து யார் யாரோ அறைத் தோழர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. "மாமி, நாளைக்கும் மீன் வாங்குங்க" என்று ஒருவன் எழுதியிருந்தான்.

இதில் சுஹறாவின் கணவர் காலிதீனுக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனாலும் அன்றிரவு தின்ற சோறு அவருக்குச் செமிக்கவில்லை.

காலிதீன் நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்முனைக்குடியில் அவர் குடியிருக்கும் வீடு சுஹறாவுடையது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை என்பவர் ஒரு சூட்கேசோடு வந்து சேருகிறவர். காலிதீனும் நற்பிட்டிமுனையிலிருந்து அப்படித்தான் வந்தார். கிணறு அவளுடையது, முற்றத்துத் தென்னைகள் அவளுடையவை, விறாந்தையில் கிடக்கும் கதிரைகள்கூட அவளுடைய வாப்பா செய்வித்துக் கொடுத்தவை. அதை அவர் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதிரைகளில் இருந்து பேசுகிற பேச்சு தன்னுடையது என்று வைத்திருந்தார்.

காலையில் பத்திரிகை வந்ததும் சிவப்புப் பேனையோடு குந்துவார். முக்கியமான தலைப்புகளுக்குக் கீழே கோடு இழுப்பார். ஓரத்தில் தன் கருத்தை எழுதுவார். அஸர் தொழுதுவிட்டு வந்தால் விறாந்தையில் ஆட்கள் இருப்பார்கள்: கடலில் தோணி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு நிஸாம், கந்தோரில் ஒன்றாக வேலை பார்த்த, காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும் கனகரெத்தினம். காலிதீன் கோடிட்டதை வாசிப்பார். பிறகு விளக்குவார். விளக்கம் அநேகமாகத் திறந்த பொருளாதாரம் வந்த எழுபத்தேழாம் ஆண்டிலிருந்து தொடங்கும்.

கதவுச் சீலைக்குப் பின்னால் சுஹறா தேத்தண்ணித் தட்டோடு நிற்பாள். நுஸ்ஹா தட்டை வாங்கி வெளியே கொண்டுவருவாள். அந்த நேரத்தில் சீலைக்குள்ளிருந்து ஒரு சொல் விழும். ஒருநாள் கடலரிப்பைப் பார்க்க நிபுணர் குழு வருகிறது என்ற செய்தியைக் காலிதீன் வெகுநேரம் விளக்கிக்கொண்டிருந்தார். குழு என்றால் என்ன, அதன் அதிகாரம் எதுவரை, அறிக்கை எங்கே போகும். சீலைக்குள்ளிருந்து குரல் வந்தது: "அவங்க ஆறுதலா வரட்டும். கடல் ரோட்டு வரைக்கும் வந்து அவங்களக் கூட்டிட்டுப் போகும்."

நிஸாம் தேத்தண்ணியைத் தன் சாரத்தில் ஊற்றிக்கொண்டு சிரித்தார். காலிதீனும் சிரித்தார். கூட்டம் தன்னுடையது, அந்தச் சிரிப்பும் தன் பெயரில்தான் சேரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வருடக்கணக்காக அப்படித்தான் சேர்ந்தும் வந்தது.

இப்போது சேரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் அவர் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார். "நீங்க சுஹறா ராத்தாட மாப்பிள்ளதானே? யானைட கதைய நாங்க வீட்ட எல்லாரும் கேட்டம்."

அதுவரை ஊரில் அவள் காலிதீனின் பெண்சாதி. அன்றைக்கு அவர் சுஹறாவின் மாப்பிள்ளை. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

விறாந்தையிலும் நிலைமை மோசமானது. அவர் பத்திரிகையை விரிக்கும் நேரம் பார்த்து, அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் நிஸாம் போனை எடுப்பார். "கொஞ்சம் பொறுங்க காக்கா. ராத்தாட இண்டைய வொய்ஸ கனகரெத்தினத்தாருக்குப் போட்டுக் காட்டிட்டு வாறன்." கனகரெத்தினம் காதை நீட்டிக் கேட்பார். மீனுக்கு அடியில் கிடந்த பேப்பரின் ஒரு தலைப்பைப் பற்றியது அது. "'அதிர்ச்சி! அம்பாறையில் நடந்தது என்ன?' எண்டு போட்டிரிக்கான். நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உள்ள போனா ஒரு ஆடு கிணத்துக்குள்ள விழுந்து ஏறியும் வந்திட்டு. ஆட்டுக்கே அதிர்ச்சி இல்ல. அது படத்தில புல்லுத் திண்டுக்கிட்டு நிக்கிது."

காலிதீன் மடித்த பத்திரிகையை இன்னொரு தடவை மடித்தார்.

யாருக்கும் தெரியாமல் அவரும் கேட்டார். குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, போனைக் காதோடு அமர்த்திக் கேட்டார். யானைக் கதைக்கு ஒரு சிரிப்பு வந்தது. அடக்கினார். ஆடு படத்தில் நின்று புல் தின்ற இடத்தில் அடக்க முடியவில்லை. இருமலாக மாற்றி வெளியே விட்டார்.

"வாப்பா, என்ன இருமல்?" என்று நுஸ்ஹா கதவைத் தட்டினாள்.

"புரையேறிட்டு."

"குளிக்கிற அறைக்குள்ள என்ன திண்டீங்க, புரையேற?"

சிரித்தது அவருக்குக் கூடுதல் ஆத்திரமாக இருந்தது. இவளுக்கு எழுபத்தேழாம் ஆண்டும் தெரியாது, நிபுணர் குழுவின் அதிகாரமும் தெரியாது. மீன் சட்டியைப் பார்த்துக்கொண்டு எதையோ சொல்கிறாள். கட்டாரில் சிரிக்கிறார்கள். காலையில் கோடிழுத்து, ஓரத்தில் எழுதி, தொண்டையைச் செருமித் தான் சொல்லும்போது, விறாந்தையிலேயே இருக்கும் நிஸாமுக்குக் கொட்டாவி வருகிறது.

அவரும் ஒரு வொய்ஸ் போட்டார். வரவுசெலவுத் திட்டம் பற்றி. பிஸ்மி சொல்லி, "அன்பார்ந்த உறவுகளே" என்று தொடங்கி, வட்டி வீதத்தில் நுழைந்து, மூச்சு முட்டும்வரை பேசி முடித்தார். அன்று பகல் முழுவதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நற்பிட்டிமுனைத் தம்பி ஒரு பெருவிரல் போட்டிருந்தான். பிறகு கட்டாரிலிருந்து ஒன்று வந்தது: "மாமா, போன ஒருக்கா மாமிட்டக் குடுங்க."

மறுநாள், சுஹறா ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்த நேரம், காலிதீன் கட்டிலுக்கடியில் கயிற்றால் கட்டி அடுக்கியிருந்த பழைய பத்திரிகைக் கட்டுகளை எல்லாம் இழுத்து வெளியே எடுத்தார். மோட்டார்சைக்கிளில் பின்னுக்கும் முன்னுக்கும் வைத்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய், பக்கீரின் பலசரக்குக் கடைப் படியில் இறக்கினார்.

பக்கீர் தராசைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தார். "என்ன காக்கா இது? பொன் மாதிரிச் சேர்த்த பேப்பரெல்லாம்!"

"சும்மா வெச்சிக்கொள்ளுங்க. சாமான் சுத்த உதவும். வீட்ட கறையான் புடிக்கிது."

வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்கு உடம்பே லேசாக இருந்தது. பழைய பேப்பர் இல்லாவிட்டால் அவள் எதை வாசிப்பாள்? மீன் செதிலையா?

சுஹறா மாலையில் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். "பேப்பரெல்லாம் எங்க மச்சான்?"

"கறையான் திண்டுட்டு. எறிஞ்சிட்டன்."

"கயித்தையும் சேர்த்தா திண்ட?"

அவர் அன்றைய பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். சில நாட்கள் மீனை நேரே சட்டிக்குள் போட்டுக் கழுவினாள். குறூப்பில் "மாமிக்குச் சுகமில்லையா?" என்று விசாரித்தார்கள். காலிதீன் விறாந்தையில் குரலை உயர்த்தி வாசித்தார். நிஸாம் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒருமுறை தலையைக்கூட ஆட்டினார்.

அந்தச் சனிக்கிழமை நுஸ்ஹா பக்கீரின் கடையில் செத்தல் மிளகாய் வாங்கி வந்தாள். அது பத்திரிகைத் தாளில் சுற்றி வந்தது. சுஹறா மிளகாயைப் போத்தலில் கொட்டிவிட்டு, தாளை வீணாக்காமல் குழாயடியில் விரித்து, சூடை மீனை அதன்மேல் போட்டாள். மீன் குறைந்தது. முதலில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. பிறகு தலைப்பு. பிறகு ஓரத்து எழுத்து. அவள் கையிலிருந்த மீனைச் சட்டிக்குள் போட்டாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"நுஸ்ஹா, போனக் கொண்டு வா."

அன்றைய வொய்ஸ் இப்படி இருந்தது: "'மின்சாரக் கட்டணம் இனி உயராது.' இது போன வருசப் பேப்பர். மிளகாய் சுத்தி வந்த. பக்கத்தில ஆரோ ஒரு ஆள் சிவப்புப் பேனையால எழுதியிரிக்கார், 'இம்முறை நம்பலாம்' எண்டு. கீழ கோடும் போட்டிரிக்கார், ஒண்டு காணாதெண்டு ரெண்டு கோடு. பாவம், நல்ல மனிசன். பொண்ணு கேட்டு வந்த நேரம் எங்கட உம்மா, 'எங்கட புள்ள வாய் திறக்காது' எண்டு சொன்ன. அதையும் நம்பின ஆள் இவராத்தான் இரிக்கும்."

இதுவரை போட்டவை எல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். சிவப்புப் பேனைக்காரர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று கட்டாரில் கேட்டார்கள், றியாத்தில் கேட்டார்கள். பக்கீரின் கடையில் பெண்கள் சரக்கை விட்டுவிட்டுச் சுற்றிய தாளைப் புரட்டிப் பார்த்தார்களாம்.

அஸருக்குப் பிறகு விறாந்தைக்கு நிஸாம் ஓட்டமும் நடையுமாக வந்தார். "காக்கா! இனி நீங்களும் பேமஸ்!"

கனகரெத்தினம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "காலிதீன், கோவிக்காத. நீ இத்தின வருசமாச் சொன்னதுக்குள்ள இதுதான் திறம். 'இம்முறை நம்பலாம்.' என்னண்டுடா இப்படி எழுதின நீ?"

அதுதான் காலிதீனுக்குப் பொறுக்கவில்லை. எழுதியவர் அவர். சொல் அவருடையது, கோடு அவருடையது. போன வருடம் இதே கதிரையில் இருந்து இதே வரியை இவர்களுக்கே வாசித்துக் காட்டியவர். அன்றைக்கு நிஸாம் நிலா எப்போது என்று கேட்டார். கடலுக்குப் போக வேண்டுமாம். இன்றைக்கு அதே சொல் அவள் வாயால் வந்ததும் இவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள்.

அன்றைய பத்திரிகையை அவர் விரிக்கவே இல்லை. ஆட்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். அவர் உள்ளே வந்து முன் அறையில் இருந்தார்.

சீலையை விலக்கிக்கொண்டு சுஹறா வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே எதிர்க் கதிரையில் அமர்ந்தாள். மீன் வாடை லேசாக வந்தது.

"கறையான் பக்கீர்ட கடைக்குப் போய்ச் சேர்ந்திரிக்கி போல."

காலிதீன் சுவரைப் பார்த்தார்.

"அத விடுங்க. நுஸ்ஹாட்டக் கேட்டிரிக்காங்களாம், பேஸ்புக் பக்கம் நடத்துற பொடியன்மார். ஒவ்வொரு கிழமையும் ஒண்டு தரச் சொல்லி. முகம் வேணாம், குரல் மட்டும் போதுமாம். நான் இன்னும் ஓம் எண்டு சொல்லல்ல. உங்களக் கேட்டுச் சொல்றன் எண்டு சொல்லிரிக்கன்."

"என்னை என்னத்துக்குக் கேட்கிற? வீடும் உன்ர, வாயும் உன்ர."

"பேனை உங்கட தானே." அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். "நீங்க எழுதுங்க, நான் வாசிக்கிறன். அதைத்தான் கேக்காங்க, சிவப்புப் பேனைக்காரர."

அவர் மேசையில் கிடந்த பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி பூட்டினார். நீங்கள் எழுதுங்கள், நான் வாசிக்கிறேன். அப்படியென்றால் சிரிப்பு யார் பெயரில் சேரும்? இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க அவருக்கு முடியவில்லை. கேட்டால் இத்தனை நாள் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார் என்று ஆகிவிடும்.

சுஹறா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எல்லாரும் சிரிச்சாங்களாம். நீங்க கேட்டீங்களா?"

"ம்."

"சிரிச்சீங்களா மச்சான்?"

குளியலறைக் குழாய் சரியாகப் பூட்டாமல் சொட்டிக்கொண்டிருந்தது. இன்று பகலும் அவர் அதற்குள் போய்த்தான் கேட்டார். வாய் திறக்காத பிள்ளை என்ற இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார்.

மஃரிபுத் தொழுகைப் பாங்குக்கு இன்னும் நேரமிருந்தது. காலிதீன் எழும்பி, ஆணியில் கிடந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, வாசலால் இறங்கிப் போனார்.