புள்ளி இல்லாத நான்கு குஞ்சுகள்

அக்கா எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். தட்டு, செருப்பு, தக்காளி, தபாலில் வந்த கவர், எதுவானாலும் சரி. நான் இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. வந்த முதல் நாள் நான் கொடுத்த டீ டம்ளரையும் கண்ணுக்கு மேலே தூக்கி, அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். என்னிடம் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று நினைத்து அன்று முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. அவர் யாரையும் எதையும் விட்டுவைப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்கா என்பது என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். காலையில் தள்ளுவண்டிகளில் துணி மலையாக வந்து இறங்கும். நீளமான தகர மேசை முன்னால் நின்று அதைப் பிரிப்பது அவர் வேலை. வார்டு விரிப்பு ஒரு குவியல், ஆபரேஷன் பச்சை ஒரு குவியல், டாக்டர்களின் கோட்டு ஒரு குவியல். அதிலும் கறை பட்டது தனி, படாதது தனி. ஒரு பச்சைத் துணி தவறி வெள்ளையோடு போனால் ஒரு மெஷின் துணி முழுக்க வீண். அவர் மேசையிலிருந்து அப்படி ஒன்றுகூடப் போனதில்லை. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேன். "ஸ்கேன் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்களாம்.

ஆஸ்பத்திரி துணி துவைக்கும் வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. அக்காவை ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் வாரம் தூங்கினார். இரண்டாம் வாரம் அலமாரித் துணிகளை எடுத்துப் பிரித்து அடுக்கினார். பிறகு சமையலறை டப்பாக்கள். பிறகு என் வீட்டுக்காரர் லேத் பட்டறையிலிருந்து கொண்டுவந்து பழைய பெயிண்ட் டின்னில் போட்டு வைத்திருந்த திருகாணிகள். அவை எட்டு டப்பாக்களில் அளவு வாரியாக வந்து உட்கார்ந்தன.

"இப்படியே விட்டா நம்மளையும் பிரிச்சு வேற வேற அலமாரில வச்சிரும்," என்றார் என் வீட்டுக்காரர் என்னிடம், சன்னமாக.

அடுத்த அறையிலிருந்து பதில் வந்தது. "உன்னை எந்தக் குவியல்ல போடுறதுன்னுதான்டா தெரியல."

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா, "கோழி வளர்க்கலாம்னு இருக்கேன்," என்றார். என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அக்கா தனக்கென்று எதையும் கேட்டதாக எங்கள் இருவருக்கும் நினைவில்லை. தம்பிக்குப் பட்டறையில் வேலை கேட்டிருக்கிறார், எனக்குத் தையல் மெஷின் கேட்டிருக்கிறார். தனக்கு என்று இதுதான் முதல் தடவை.

நாங்கள் இருப்பது வாடகைக்கு. கீழே நாங்கள், மேலே வீட்டுச் சொந்தக்காரர். அவரை மாடிக்காரர் என்றுதான் சொல்வோம். பேக்கரி ஒன்றில் அடுப்பைப் பார்ப்பவர். மாலை ஆறு மணிக்குப் போனால் காலை ஏழுக்கு வருவார். வந்து படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். அவர் படுக்கும் அறையின் ஜன்னல் நேராகப் பின்முற்றத்துக்கு மேலே இருக்கிறது. அவருக்கும் அக்காவுக்கும் வயது ஒன்றுதான். ஆனாலும் இவர் அவரை அண்ணே என்பார், அவர் இவரை அக்கா என்பார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

"கோழி வச்சுக்கோங்கக்கா, வேணாங்கல," என்றார் மாடிக்காரர். "பெட்டை கொக்கொக்குன்னா தூக்கம் கெடாது. சேவல் மட்டும் கூடாது. ஒரு தடவ கூவுச்சு, அன்னைக்கே மொத்தமா காலி பண்ணிடணும். பேச்சு மாறக்கூடாது."

"மாறாது அண்ணே. பிரிச்சுதான் வாங்குவேன்," என்றார் அக்கா.

எந்தக் கோழி என்பதில் அக்கா தெளிவாக இருந்தார். எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளில் கோழி உண்டு. எல்லாம் செவலை. மதில் தாண்டிக் கலந்துவிட்டால் எது யாருடையது என்று தெருவே கூடி நிற்கும். அதனால் நமக்குக் கறுப்பு வெள்ளைதான் என்றார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் குஞ்சு விற்பவரின் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். பெட்டி பெட்டியாக, மேலே பல்பு எரிய, உள்ளே ஒருநாள் வயதுக் குஞ்சுகள். வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று காட்டச் சுவரில் படங்கள் ஒட்டியிருந்தார்கள்.

குஞ்சுக்காரர் முதலில் காட்டியது முழு வெள்ளைக் கோழி. "லெகார்ன். முட்டைக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல."

"வெள்ளையா? முப்பது வருஷம் துவைச்சது போதும்பா."

அடுத்தது உடம்பு வெள்ளை, கழுத்தைச் சுற்றிக் கறுப்பு. "இது சஸ்ஸெக்ஸ். பார்க்க அம்சமா இருக்கும்."

அக்கா படத்தை நெருங்கிப் பார்த்தார். "காலர் அழுக்கு மாதிரில்ல இருக்கு."

குஞ்சுக்காரர் சிரித்துவிட்டார். மூன்றாவது படத்தில் உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் வரி வரியாக ஓடிய கோழி. பிளைமவுத் ராக் என்றார். பக்கத்திலேயே பளபளவென்று சுத்தக் கறுப்பாக ஒன்று. அது ஆஸ்ட்ரலார்ப். அக்கா இரண்டின் முன்னாலும் நின்றார். மண்ணில் புரண்டாலும் அழுக்குத் தெரியாது, செவலையோடும் கலக்காது. இரண்டிலும் நான்கு நான்கு போதும் என்றார்.

"எல்லாம் பெட்டையா வேணும். சேவல் ஒண்ணுகூட ஆகாது."

"வரியில அது சுலபம்," என்று குஞ்சுக்காரர் ஒரு குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கறுப்புக் குஞ்சு, உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. "பெட்டைக்குப் புள்ளி சின்னதா, திட்டமா இருக்கும். சேவலுக்குப் பெருசா, கலைஞ்சு போன மாதிரி இருக்கும். பார்த்துப் பொறுக்கிக்கோங்க. இந்தப் பெட்டியில வரியும் இருக்கு, கறுப்பும் இருக்கு. இந்த வயசுல எல்லாம் கறுப்பாத்தான் தெரியும்."

அதற்குள் தீவன மூட்டை வாங்க ஒருவர் வந்தார். குஞ்சுக்காரர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

பெட்டிக்கு முன்னால் அக்கா நின்ற விதத்தைப் பார்த்தபோது, பார்த்தேயிராத அந்தத் தகர மேசை எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, உச்சியைப் பார்த்து, கவிழ்த்து வயிற்றைப் பார்த்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வைத்துக்கொண்டே போனார். பத்து நிமிடத்தில் முடிந்தது. நான்கு குஞ்சுகளுக்கு ஊசிமுனை அளவு புள்ளி. மற்ற நான்குக்குத் தலையில் புள்ளியே இல்லை.

"சின்னப் புள்ளியே பெட்டைன்னா, புள்ளியே இல்லாதது சுத்தப் பெட்டை," என்றார். "இதுல சந்தேகத்துக்கே இடமில்ல."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

முதல் மாதம் எங்கள் சமையலறையில் அட்டைப்பெட்டியில் வளர்ந்தன. பிறகு என் வீட்டுக்காரர் பட்டறைக் கம்பிகளை வெட்டி முற்றத்தில் கூண்டு செய்து கொடுத்தார். இறகு வந்தது. புள்ளி இருந்தவற்றுக்கு வரி விழுந்தது, இல்லாதவை கறுப்பாகவே நின்றன. வெயிலில் அந்தக் கறுப்பில் பச்சை மினுங்கும். அக்கா அதிகாலையில் எழுந்து கூண்டைத் திறப்பார், தண்ணீர்ச் சட்டியைக் கழுவுவார், எட்டையும் ஒருமுறை தூக்கிக் கவிழ்த்துப் பார்த்துக் கீழே விடுவார். டப்பாக்களையும் திருகாணிகளையும் பிறகு தொடவில்லை. மதியம் எங்களோடு உட்கார்ந்து பேசவும் ஆரம்பித்தார்.

கறுப்பில் ஒன்று மற்றவற்றைவிடப் பெரிதாக வளர்ந்தது. தீவனம் போட்டால் முதலில் வந்து நின்று சுற்றிலும் பார்க்கும். மற்றவை கொத்த ஆரம்பித்த பிறகுதான் குனியும். அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் விழுந்தது. அக்கா உட்கார்ந்தால் அவர் பாதத்தின் மேல் ஏறி நிற்கும்.

"என்னக்கா, போலீஸ் மாதிரியே நடக்குது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பொம்பள போலீஸ். உனக்கென்னடா?"

நான் கடைகளுக்குச் சட்டை பட்டன் தைத்துக் கொடுப்பவள். உட்காருவது முற்றத்து ஜன்னல் ஓரம். நாள் முழுக்கக் கோழிகள் கண்ணெதிரேதான். மூன்றாம் மாதம் இன்ஸ்பெக்டரின் கொண்டை மற்றவற்றுக்கு முந்திச் சிவந்தது. கால் என் கட்டைவிரல் தடிமன். வாலுக்கு முன்னால் முதுகில் விழும் இறகுகள் பெட்டைக்கு வட்டமாக முடியும். இதற்குக் கூர்கூராக வந்தன. தெருவில் திரியும் சேவல்களின் முதுகையும் போய்ப் பார்த்தேன். அதேதான். கறுப்பில் இன்னொன்றும் அப்படித்தான் இருந்தது. அது பயந்த சுபாவம், இன்ஸ்பெக்டருக்குப் பின்னாலேயே ஒதுங்கி நிற்கும், அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

நான் சொல்லவில்லை. ஸ்கேனிடம் போய்த் தப்பாகப் பிரித்துவிட்டீர்கள் என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னால் கோழி போய்விடும், அக்கா மறுபடி டப்பாக்களுக்குத் திரும்பிவிடுவார். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று அடுத்த சட்டையை எடுப்பேன்.

ஐந்தாம் மாதம் ஒரு மாலை, மாடிக்காரர் வேலைக்குப் போய் அரைமணி நேரம் இருக்கும். முற்றத்திலிருந்து எண்ணெய் போடாத கதவு திறப்பது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் வந்தது, இந்த முறை நீளமாக. நாங்கள் மூவரும் வெளியே போனோம். இன்ஸ்பெக்டர் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று, கழுத்தை நீட்டி மூன்றாவது முறை கூவியது.

"சில பெட்டையும் கூவும்," என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லவேளை அவர் போயிட்டாரு," என்றார் என் வீட்டுக்காரர். "இதை இப்பவே பெட்டியில போட்டு மூடி வைப்போம். இருட்டுல கூவாது. காலைல அவர் தூங்கின பிறகு கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடலாம். அவருக்குத் தெரியவே வேணாம்."

அக்கா கல்லருகே போய்க் கோழியைத் தூக்கினார். கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். முதுகு இறகுகளை விரலால் விரித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"இது ஒண்ணுதானே?" என்று தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டார்.

"இல்லக்கா," என்றேன். "அது பின்னாடி நிக்குதே, அதுவும்."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எப்பத்துல இருந்து தெரியும்?" என்றார் அக்கா.

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா வாயில என்ன வச்சிருந்த?"

"பட்டன்," என்றேன். உண்மையும் அதுதான். தைக்கும்போது நாலைந்து பட்டன்களை உதட்டில்தான் வைத்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. இரண்டு கோழிகளையும் தானே பெட்டியில் போட்டு மூடினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாடிப்படியின் கீழ்ப்படியில் அக்கா நின்றார். போகும்போது என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருந்தார். மாடிக்காரர் சட்டையெல்லாம் மாவாக வந்தார்.

"அண்ணே, ரெண்டு சேவல் இருக்கு. நேத்து சாயங்காலம் ஒண்ணு கூவிடுச்சு. நான் தப்பா பிரிச்சுட்டேன்."

அவர் கண்ணைக் கசக்கினார். "எனக்குக் கேக்கலையே."

"நாளைக்குக் கேக்கும்."

"கேக்காததுக்கு வந்து நிக்கிறீங்க." படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "மொத்தமா காலி பண்ணணும்னு சொல்லியிருந்தேன்."

"ஆமா. பேச்சு மாறல. சொல்லுங்க, எட்டையும் கொண்டுபோறேன்."

"மத்த ஆறும் பெட்டைதானா? நல்லாப் பார்த்தீங்களா?"

"நான் பார்க்கல," என்றார் அக்கா. "இவ பார்த்தா."

மாடிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் நான் அவரோடு பேசியது பத்து வார்த்தை இருக்காது. "பெட்டைதான்," என்றேன்.

"அப்ப அந்த ரெண்டும் இன்னைக்கே போகட்டும். ஆறு இருக்கட்டும். இனி ஒரு தடவ கூவினா நான் கீழ வந்து பேசிட்டிருக்க மாட்டேன் அக்கா, கூண்டுதான் வெளிய போகும்." சொல்லிவிட்டு மேலே ஏறினார். பாதிப் படியில் நின்று, "முட்டை வந்தா சொல்லுங்க," என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் குஞ்சுக்காரரிடம் போனோம். வழியில் ஒரு முறை பெட்டிக்குள்ளிருந்து கதவுச் சத்தம் வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அக்கா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

குஞ்சுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "புள்ளி பார்க்கிறது வரிக்கு மட்டுந்தாம்மா. சுத்தக் கறுப்புல பெட்டைக்கும் தலையில புள்ளி இருக்காது, சேவலுக்கும் இருக்காது. ஒருநாள் குஞ்சுல என்னாலயே பார்த்துச் சொல்ல முடியாது. நாலுல ரெண்டு சேவலா போச்சேன்னு நினைக்காதீங்க, ரெண்டு பெட்டையா வந்துச்சேன்னு நினைங்க."

இரண்டையும் தானே எடுத்துக்கொண்டார். ஊருக்கு வெளியே தோப்பு வைத்திருக்கும் ஒருவர் சேவல் கேட்டிருந்தாராம். இன்ஸ்பெக்டரைக் கொடுக்கும்போது அக்கா அதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. அப்படியே கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "துணியில கறை தெரிஞ்சாத்தான் யோசிப்போம். கறையே இல்லன்னா நேரா சுத்தக் குவியல்ல போட்டுடுவோம். அந்தக் கைப்பழக்கம்." வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ச் சட்டியைக் கழுவப் போனார்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது முற்றத்தில் ஆறு கோழிகள் இருக்கின்றன. நான்கு வரி, இரண்டு கறுப்பு. ஒரு நாளைக்கு நான்கு முட்டை வரும், சில நாள் ஐந்து. கறுப்பில் ஒன்று இறகு உதிர்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் இந்த மாதம் முட்டை இல்லை. சேவல் இல்லாததால் அடைக்கு வைக்க வழியில்லை. புதுக் குஞ்சு வேண்டுமென்றால் குஞ்சுக்காரரிடம்தான் போக வேண்டும். அடுத்த தடவை வரி மட்டும் வாங்குவதென்று அக்கா முடிவு செய்திருக்கிறார். அவர் பொறுக்கியதை நான் ஒரு முறை பார்ப்பேன், நான் பொறுக்கியதை அவர் ஒரு முறை பார்ப்பார். மாடிக்காரர் மூன்று மணி வரை தூங்குகிறார்.