ஒரு ‘சுடு’ செய்த வேலை

தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் கேமரன் மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். மலாய் அரைகுறைதான். என் நான்கு வயது மகளுக்கு வலிப்பு மருந்து தந்த தாதி, “சத்து சுடு, பாகி, மாலாம்” என்றார். காலை, இரவு என்பது புரிந்தது. ‘சுடு’ என்றால் சூடாகக் கொடுக்க வேண்டும் என்று நானே முடிவுகட்டி, சீட்டில் இருந்த அளவைச் சுடச்சுட மைலோ பானத்தில் கலந்தேன்! அவளோ எப்போதும் பாதி மைலோவை மிச்சம் வைப்பவள்.

பத்தாம் நாள் பிரிஞ்சாங் சந்தையில், ஸ்ட்ராபெரி கேட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே விறைத்துச் சரிந்தாள். அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியிலேயே கண்விழித்து “அம்மா” என்றாளே, எனக்குப் போன உயிர் திரும்பியது!

நான் சொன்னதைக் கேட்ட தமிழ் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“சத்து சுடுன்னா மலாய்ல ஒரு கரண்டிம்மா! மூளையில தாறுமாறா ஓடுற சேதிய அடக்குறதுக்கு ஒரு ரசாயனம் இருக்கு. இந்த மருந்து அதுக்குப் பலம் கொடுக்குது. மலையிறங்குற லோரிக்கு பிரேக் மாதிரி. பாதி பிரேக்ல லோரிய எறக்க முடியுமாலா?”

இப்போதெல்லாம் மருந்து நேரே வாய்க்குள், மைலோ அப்புறம்தான். யார் என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்லிக் காட்டாமல் நகர்வதில்லை. குப்பியைக் கண்டாலே மகள் வாயைத் திறந்து கத்துகிறாள்: “அம்மா, ஒரு சுடு!”