காறை எலும்புக்கு அடியில்

முதலில் மரத்துப்போனது சுட்டுவிரல். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் தனியார் பேருந்தில் நான் நடத்துநர். மலைப்பாதை வளைவுகளில் இடது கையை உயர்த்தி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் டிக்கெட் கொடுப்பது என் பல வருடப் பழக்கம். அன்று ஒரு வளைவில், கம்பி கைக்குள் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. பிடி நழுவி, மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மேல் விழுந்தேன். அவர் திட்டவில்லை. என் கையைப் பார்த்து, "இன்னா கண்டக்டரே, கை இப்படி வெளுத்துக் கெடக்குது?" என்று கேட்டார்.

கையைத் தொங்கவிட்டதும் சற்று நேரத்தில் நிறம் திரும்பிவிட்டது. திரும்பிவிட்டதால் அதை நான் நோயாக எண்ணவில்லை.

பிறகு முன்கையில் வலி வந்தது. தனியார் மருத்துவர் ஒருவர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. கழுத்துக்கு ஒரு பட்டையும் வலி மாத்திரையும் கொடுத்தார். பட்டையைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். அதே கையை அதே கம்பிக்கு உயர்த்தினேன்.

மார்கழிக் குளிரில் விரல் நுனிகள் நீலமாயின. குளிர்தான் என்று நினைத்தேன். ஒரு காலையில் என் மனைவி செல்வி தேநீர் கொடுக்கும்போது என் கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று பின்வாங்கினாள். "இன்னாங்க, இந்தக் கை மட்டும் பொணம் மாதிரி சில்லுனு இருக்குது." சொன்ன வார்த்தை அவளுக்கே பொறுக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம்.

அங்கே முதலில் பார்த்த மருத்துவர் நாளைக்கு எத்தனை பீடி என்று கேட்டார். விரல் கறுத்து வருபவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விதானாம் அது. நான் புகைத்ததே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. "வெத்தலகூடப் போட மாட்டாருங்க" என்றாள் செல்வி.

அடுத்து வந்த இளம் மருத்துவர் எதுவும் கேட்காமல் என் இரண்டு மணிக்கட்டுகளிலும் விரல் வைத்தார். பிறகு இடது கையை மெல்ல உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் மாறியது. இருந்த கொஞ்ச நாடித்துடிப்பும் கையைத் தூக்கியதும் நின்றுவிட்டது என்றார். காறை எலும்புக்கு (கழுத்துக்கும் தோளுக்கும் இடையே குறுக்காக இருக்கும் எலும்பு) மேலே அழுத்தினார். அங்கே கெட்டியாக ஒரு முண்டு உண்டு. சின்ன வயதிலிருந்தே அது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தக்குழாய் அறுவை மருத்துவராக இருந்த ஓர் அம்மா, தன் விரலை என் நெஞ்சின் மேல் நகர்த்தியே விளக்கினார். சப்கிளேவியன் தமனி (கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி, நுரையீரலின் உச்சியை ஒட்டி வளைந்து, கழுத்துத் தசைகள் இரண்டுக்கு நடுவே புகுந்து, முதல் விலா எலும்பின் மேலேறி, காறை எலும்புக்கு அடியில் கைக்கு இறங்குகிறது. வழியிலேயே மூளையின் பின்பகுதிக்கும் ஒரு கிளையை அனுப்புகிறது. தமனிக்கு முன்பக்கமாக, நடுவில் ஒரு தசையை விட்டு, சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) ஓடுகிறது. எல்லாம் சேர்ந்து மிகக் குறுகலான இடம்.

அந்த இடத்தில் எனக்கு ஓர் எலும்பு அதிகம். செர்விகல் ரிப் (கழுத்தில் பிறவியிலேயே முளைக்கும் கூடுதல் விலா எலும்பு) தமனியை அடியிலிருந்து நெருக்கியிருக்கிறது. கையைத் தூக்கும்போதெல்லாம் நெருக்கல் கூடியிருக்கிறது. நெருக்கலைத் தாண்டிய இடத்தில் குழாய்ச் சுவர் பலவீனமாகி வீங்க, வீக்கத்துக்குள் ரத்தம் தேங்கி உறைந்து, துணுக்குத் துணுக்காக விரல்களுக்குப் போய் அடைத்திருக்கிறது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நானேதான் அதை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

விரல்கள் பிழைக்குமா என்று கேட்டேன்.

"கையக் காப்பாத்தப் பாக்கறோம். விரலைப் பத்தி இப்பக் கேக்காதீங்க" என்றார்.

ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஏற்றினார்கள். முழங்கை மடிப்பில் திறந்து உறைகட்டிகளை எடுத்தார்கள். அடுத்த அறுவையில் அந்த எலும்பை வெட்டி, கெட்டுப்போன தமனிப் பகுதியை நீக்கி, என் தொடையிலிருந்து எடுத்த சிரையை வைத்துத் தைத்தார்கள். கை சூடானது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் சூடாகவில்லை.

அதன்பின் காத்திருப்பு. கேங்க்ரீன் (ரத்தம் இல்லாமல் திசு செத்துப்போதல்) தானாக ஓரிடத்தில் வந்து நிற்கும், அந்தக் கோடு தெரிந்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்றார்கள். என் உடம்பு எங்கே முடிகிறது என்பதை என் உடம்பே முடிவு செய்யட்டும் என்று வாரக்கணக்கில் படுத்திருந்தேன். விரல்கள் கரிக்கட்டை போலச் சுருங்கின. செல்வி அந்தக் கையின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுச் சோறு ஊட்டினாள். கடைசியில் மூன்று விரல்களும் பாதிக்கு மேல் போயின.

முதலாளி என்னைக் கைவிடவில்லை. பேருந்து நிலையத்தில் நின்று ஊர்ப் பெயர் சொல்லி ஆள் ஏற்றும் வேலை கொடுத்தார். என்னோடு ஓடிய ஓட்டுநர் ஏழுமலை, வண்டி கிளம்பும்வரை என் பக்கத்தில் நிற்பார். ஒருநாள், "புது ஆளு நல்லாத்தான் செஞ்சிக்கினு இருக்கான், மச்சான்" என்று சொல்லிவிட்டு, டயரைப் போய் உதைத்துப் பார்த்தார்.

ஒரு கை மட்டும் குளிர்ந்திருந்தால், தூக்கினால் மட்டும் வெளுத்தால், தயவுசெய்து அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கட்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டிருக்கலாம் என்று வருந்தி இதை எழுதவில்லை. கேட்கலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

வலது பக்கத்திலும் அந்த எலும்பு இருக்கிறது. ஸ்கேனில் தெரிந்தது. இப்போதைக்கு அழுத்தவில்லை, அறுக்க அவசரமில்லை, ஆனால் கவனமாக இருக்க வேண்டும் என்றார் அந்த மருத்துவர் அம்மா. சட்டை மாட்டும் ஆணியைத் தாழ்வாக அடித்துக்கொண்டேன். கோயிலில் தீபாராதனையின்போது எல்லோரும் தலைக்கு மேல் கைகூப்ப, நான் நெஞ்சோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தினமும் காலையில் வலது நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இடது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மோதிரவிரலும் வேண்டும். கட்டைவிரலை வைத்தால் அதன் துடிப்பே தெரிந்து ஏமாற்றும். சுண்டுவிரலில் உணர்ச்சி கம்மி. அதனால் செல்விதான் பார்க்கிறாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பாள்.

"ஓடுதுங்க" என்பாள். கையை விட்டுவிட்டு உலை வைக்கப் போவாள்.

அடுத்த நாள் காலைவரை எனக்கு நேரம் இருக்கிறது.