திருப்பி அடித்த தகடு

பனியனில் படம் அடிப்பது அவருடைய பிழைப்பு. எட்டாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர். ஆனாலும் பனியனுக்குப் படம் வரைகிற அதே சாஃப்ட்வேரில் சர்க்யூட் போர்டும் வரைவார். கோடு போட்டால் செம்புப் பாதை, வட்டம் போட்டால் துளை, அவ்வளவுதான். தாளில் அச்செடுத்து, செம்புத் தகட்டில் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மை ஒட்டிக்கொள்ளும். மை படாத செம்பை அமிலம் தின்றுவிடும். தெருவில் அவருக்கு 'இஸ்திரி இன்ஜினியர்' என்றே பெயர்.

ஒருநாள் காலை மச்சினன் மூச்சிரைக்க வந்தான். முட்டை பொரிக்கும் பெட்டியின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் போர்டு கருகிவிட்டது. உள்ளே நானூறு முட்டைகள், பதினெட்டு நாள் ஆனவை.

"கம்பளி போர்த்தியிருக்கேன் மாமா. சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும்."

"மூச்சு விட இடம் விட்டியா மாப்ள? உள்ள இருக்கறது உயிரு."

கருகிய போர்டை ஸ்கேல் வைத்து அளந்து வரைந்தார். அச்செடுத்தார், தேய்த்தார், மீதமிருந்த அமிலத்தில் முக்கினார், துளை போட்டார். மதியம் எட்டுக் கால் சிப்பை வைத்துப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒன்றாம் கால் நிற்கவேண்டிய இடத்தில் எட்டாம் கால்.

பனியன் படத்தை இடவலம் மாற்றித்தான் அச்செடுக்க வேண்டும், தேய்க்கும்போது நேராகிவிடும். போர்டுக்கு அது கூடாது. சிப் உட்காரும் மேல்பக்கத்திலிருந்து பார்த்து வரைகிறார், செம்போ அடிப்பக்கம். கவிழ்த்துத் தேய்த்தாலே சரியாகிவிடும். காலையில் பனியனுக்காக சாஃப்ட்வேரில் போட்ட 'திருப்பி அடி' டிக்கை அவர் எடுக்கவே இல்லை.

"இன்னொண்ணு போடலாமா மாமா?"

"பனியன் மாதிரி திருப்பி அடிச்சுத் தொலைச்சுட்டேன். அமிலமும் தீந்துபோச்சுடா."

பனியன் மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"கோழிக்குஞ்சுக்குப் பனியன் தைக்கறதா நினைச்சீங்களோ? உள்பக்கத்தை வெளிய திருப்பி மாட்டிவிடுங்க, யாரு பாக்கப்போறா!"

"என்ன சொன்ன?"

"கிண்டல் பண்ணேங்க."

அவர் தகட்டைக் கவிழ்த்தார். வழக்கமாக மேல்பக்கம் உட்காரும் சிப்பை அடிப்பக்கம், செம்பின் மேலேயே வைத்தார். ஒன்றாம் கால் தன் இடத்துக்கு வந்தது. எல்லாச் சாமான்களையும் அந்தப் பக்கமே பற்றவைத்தார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் நான்கு மணிக்குப் பெட்டியில் சூடேற்றும் பல்பு எரிந்தது, முப்பத்தேழரை டிகிரியில் தானே அணைந்தது.

மூன்றாம் நாள் போன் வந்தது. பின்னால் ஒரே கீச்கீச்.

"எத்தனைடா?"

"எண்ண விட்டாத்தானே மாமா! ஓடுதுங்க."

போனை வைத்ததும் முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்தார்.