எல் என்ற ஓர் எழுத்து

பட்டாபிராமில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி, எங்கோ வெளியூரில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கை அத்தை கவனித்துக்கொண்டாள். கறுப்புத் திரையில் அவள் கட்டளை அடிப்பாள். அந்த ஊர் இயந்திரம் பதில் சொல்லும். முழு வார்த்தைகூட வேண்டாம். 'ஷோ' என்பதற்கு எஸ், எச் போதும், மீதியை அதுவே புரிந்துகொள்ளும். வீட்டில் நான் முழுதாகச் சொன்னாலே யாரும் காதில் வாங்காத காலம் அது. அந்த இயந்திரத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். ஒருநாள் காலை தண்ணி கேன்காரர் கேட்டைத் தட்டினார்.

"தோ வந்துட்றேன். கை வைக்காத, இன்னா?" என்று எழுந்து போனாள் அத்தை.

ரேகா என்ற என் பெயர் அதற்குத் தெரியுமா என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஆர், ஈ அடித்ததுமே விரல் என்டரில் பட்டுவிட்டது. இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வந்தது, படிக்கத் தெரியவில்லை. மறுபடி என் பெயரின் ஐந்து இங்கிலீஷ் எழுத்தையும் அடித்து என்டரைத் தட்டினேன்.

இம்முறை திரையில் என் பெயரே வந்தது. அதோடு எல்லாம் நின்றுபோயிற்று. எந்தக் கீயைத் தட்டினாலும் அசையவில்லை. என் பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டது, இனி யாராவது விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வருவார்கள் என்று நினைத்துக் கத்தினேன்.

"அத்தே!"

ஓடிவந்தவள் சில கீக்களைச் சேர்த்து அழுத்தினாள். திரைக்கு உயிர் வந்தது.

"பயப்படாத. தெரியாத வார்த்தன்னா, இன்னொரு மெஷினு பேருன்னு நெனச்சிகினு தேடும். அவ்ளோதான்."

சொல்லும்போதே அவள் பார்வை நான் முதலில் அடித்த மேல்வரிக்குப் போனது. முகம் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "சார், அங்க எல்லாம் ஓடுதா? ஒண்ணும் விழலையே?" என்றாள். பதில் வரும்வரை அவள் மூச்சுவிட்டதாகவே தெரியவில்லை. நான் கதவு இடுக்கில் ஒண்டிக்கொண்டேன்.

போனை வைத்தவள் என்னை இழுத்து நிறுத்தினாள். "ஆர், ஈக்கு அப்பால எல் தட்னியா?"

"இல்ல அத்தே."

"நெசமா? எல் தட்டல?"

"தட்டல."

ஆர், ஈயில் தொடங்கும் கட்டளைகள் பல இருந்ததால், எது என்று தெரியாமல் இயந்திரம் மறுத்திருக்கிறது. எல் சேர்ந்திருந்தால் 'ரீலோட்' என்று எடுத்துக்கொண்டிருக்கும். நிச்சயம்தானா என்று ஒருமுறை கேட்டிருக்கும். நான் அதற்கும் என்டரைத் தட்டியிருப்பேன். அது அணைந்து மீண்டு வரும்வரை, அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு எந்தத் தகவலும் போய்ச் சேர்ந்திருக்காது. இதெல்லாம் நானும் அதே வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டது.

அன்று அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. சிரித்தாள், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஏன் இன்னும் என்னை அடிக்கவில்லை என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.