இல்லாத குளோரைடு

முதல் சொட்டு

சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விழுந்ததும் டெஸ்ட் டியூபில் இருந்த கரைசல் பாலாக வெளுத்தது. உப்புச் சோதனையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வெளுத்தால் குளோரைடு. எழுதி நீட்டினேன். ஒரு உப்பில் இரண்டு பகுதிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று சரியாகி இன்னொன்று தப்பினால் பாதி மதிப்பெண் உண்டு என்று வேறு ஊர்களில் படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் துறைத் தலைவரிடம் அந்தப் பேச்சே கிடையாது. முழு உப்புக்கும் பூஜ்யம்.

மற்ற தாள்கள் எல்லாம் தேறிவிட்டன. பிராக்டிகல் மட்டும் நின்றது. அது வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். துறைத் தலைவர் என் தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “இந்த உப்புல குளோரைடே இல்லப்பா. நீயா வீட்ல இருந்து கொண்டாந்து போட்டாத்தான் உண்டு.”

ராஜபாளையம் பஸ்

கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் காலேஜுக்குப் போய், ஜூனியர் பிள்ளைகளின் வகுப்பு நேரத்தில் லேப் பின்பெஞ்சில் நின்று பழகிக்கொண்டு, திரும்பி வந்தேன். உட்கார இடம் கிடைத்தால் உப்புகளைப் பிரித்தறியும் அட்டவணையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவேன். பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

ஒரு நாள் பக்கத்தில் மாரிமுத்து. கூமாப்பட்டிக்காரன். பள்ளியில் என்னோடு படித்து, பட்டாளத்தில் சேர்ந்தவன். லீவில் வந்திருந்தான். என் மடியில் இருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். பிறகு பஸ்ஸே கேட்கும்படி சொன்னான்: “ஏலே, நான் பனியில நின்னுட்டு மூணு லீவு வந்துட்டேன். நீ இன்னும் அந்த ஒரு உப்பையேவா பாத்துக்கிட்டிருக்க?”

காலி ஸ்டூல்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஆலை ஒன்றில், லேபுக்கு ஆள் தேவை என்றார்கள். அப்பா கோர்ட்டில் டைப்பிஸ்ட். அந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டில் அவருடைய சம்பளத்துக்குப் பிறகு என்ன என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அம்மா மட்டும் நான் கிளம்பும்போதெல்லாம் வாசல்வரை வந்து நின்றாள்.

மேனேஜர் என்னை லேபுக்குள் அழைத்துப்போய், ஜன்னலோரம் காலியாக இருந்த ஸ்டூலைக் காட்டினார். உட்காரச் சொல்லவில்லை. “பாஸ் பண்ணுனதுக்கு ஒரு காகிதம் கொண்டாங்க தம்பி. இந்த ரிசல்ட்டு வரைக்கும் பாக்கேன். பொறவு எங்க மச்சினன் பையன் வாரேங்கான்.”

தண்ணீர்

ஆலைப் பேச்சு வருவதற்கு முன்பே இரண்டாவது பரீட்சையும் வந்துபோயிருந்தது. மறுபடியும் வெளுத்தது, மறுபடியும் குளோரைடு எழுதினேன், மறுபடியும் பூஜ்யம். எல்லோரும் போன பிறகு டியூப்களைக் கழுவும்போது, உப்பே போடாமல், காய்ச்சி வடித்த தண்ணீர் கேனில் இருந்து கொஞ்சம் பிடித்து சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். வெளுத்தது. கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் லேபில் காய்ச்சி வடிக்கும் கருவி ஓடுவதில்லை. யாரோ குளோரைடு கலந்த குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கேனை நிரப்பியிருக்கிறார்கள். நிஜமாகவே குளோரைடு உப்பு கிடைத்தவர்கள் தப்பித்திருக்கிறார்கள்.

டியூபை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரின் அறைக்கு ஓடினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். எனக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது. “இதை உப்பு போடுறதுக்கு முன்னால பாத்திருக்கணும்லா? பாக்கலேன்னுதான்யா பூஜ்யம்.”

பேட்டரிக் கடை

அடுத்த முறை தண்ணீரை நானே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரி பேட்டரிக் கடை ஒன்று இருந்தது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு கேன் கேட்டேன். எந்த வண்டிக்கு என்றார் கடைக்காரர். வண்டி இல்லை, பரீட்சைக்கு என்றேன். அவர் கேனைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே பார்த்துக் கூவினார்: “ஏலே, இங்க பாரு. இனிமே காலேசும் பேட்டரியிலதான் ஓடுதாம்!”

மூன்றாம் முறை

பேட்டரித் தண்ணீரை என் மேஜையில் இருந்த வாஷ் பாட்டிலில் நிரப்பி, உப்பைத் தொடுவதற்கு முன்னால் அதில் கொஞ்சம் பிடித்து சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். தெளிவாக இருந்தது. உப்பைக் கரைத்து இன்னொரு சொட்டு விட்டேன். அப்போதும் தெளிவாக இருந்தது. இரண்டு வருஷமாக வெளுத்தே பார்த்த கண்ணுக்கு அதை நம்ப முடியவில்லை. இன்னொரு முறை செய்தேன். பிறகு சல்பேட்டுக்குப் பார்த்தேன், வந்தது. மற்றப் பகுதிக்குப் பார்த்தேன், ஜிங்க். ஜிங்க் சல்பேட் என்று எழுதிக்கொண்டு போனேன்.

துறைத் தலைவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிவப்பு மையில் சரி போட்டார். “காலையில இருந்து வந்ததுல உன் ஒருத்தன் உப்புலதான்யா குளோரைடு இல்ல.”

இரண்டு வருஷத்தில் வேதியியலில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது, தண்ணீர் எப்படி இருக்கும் என்பதுதான்.

மேஜையைச் சுத்தம் செய்யத் திரும்பினேன். பக்கத்து மேஜையில் ஒரு ஜூனியர் பெண், வெளுத்த டியூபைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். தாளில் இன்னும் எழுதவில்லை. மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவள் மறுபடி சோதிக்கப் புது டியூப் எடுக்கக் குனிந்தாள். வாஷ் பாட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். என்னுடையதை அவள் பக்கம் வைத்துவிட்டு, அவளுடையதை எடுத்து என் டியூப்களைக் கழுவ ஆரம்பித்தேன்.